அம்மா நிமிர்ந்த வருஷம்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு ‘அரைநாள்’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பளம் போடுகிற அன்றைக்கு மட்டும் அது வெளியே வரும். மற்றபடி, மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் கையிலிருக்கும் ஃப்ரேமை அப்படியே தட்டில் வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? “அரைநாள் போயாச்சு, இனிமே யாரும் மணி பாக்க வேணாம்” என்பார் லென்ஸ் தீட்டுகிறவர். அவளும் சிரித்தபடியே படியிறங்கிப் போவாள். போகிற வழியில் அந்தச் சிரிப்பைத் துடைத்துவிட்டு நடையை எட்டிப் போடுவாள்.

வீட்டில் அவள் மூத்தவள். அவளுக்குக் கீழே ஒரு தம்பி. அவன் கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருந்தான். அப்பா இல்லை. ஆக, அம்மாவுக்கு இவள், இவளுக்கு அம்மா.

அம்மா தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெறுவதற்கு முன்பே இடுப்பு லேசாக ஒரு பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது. முதலில் புடவை ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. கொசுவம் சரியாக வைக்கவில்லை, செருப்பு ஒன்று தேய்ந்துவிட்டது என்று ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு உடம்பே முன்னால் சாய ஆரம்பித்தது. சில வருஷங்களில் அம்மா கீழே எதையோ தவறவிட்டுத் தேடுகிறவள் மாதிரி ஆகிவிட்டாள். நாலு எட்டு நடந்தால் காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி சுண்டி இழுக்கும். எதையாவது பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தால்தான் அது அடங்கும். சமையல் மேடையில் முழங்கை இரண்டையும் ஊன்றி, அந்த ஊன்றலில் உடம்பைத் தொங்கவிட்டபடிதான் காய் நறுக்குவாள். முழங்கைத் தோல் காய்த்துப்போய்க் கறுத்திருந்தது. தெருவில் அவளுக்குத் தெரிந்தவர்களை எல்லாம் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பாள்.

நாக்கு மட்டும் வளையவில்லை. “என் முதுகு வளைஞ்சிருக்கு, மூளை வளையல” என்று மூத்தவளிடம் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

அம்மாவைக் குளிப்பாட்டி, முதுகு தேய்த்து, புடவை கட்டிவிட்டு, மதியத்துக்குச் சூடாகச் சமைத்துப் போட்டு, சாயங்காலம் கால் அமுக்கிவிட்டு என்று மூத்தவளின் நாட்கள் ஓடின. தெருவில் அவளுக்கு நல்ல பெயர். “பொண்ணுன்னா இப்படியில்ல இருக்கணும்” என்று அடுத்த வீட்டம்மா தன் மருமகளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வாள். தம்பி வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான். “அம்மாவப் பாத்துக்கோக்கா. நீ இருக்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்” என்பான். அவன் நிம்மதியாக இருப்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

கடைக்கு லென்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் மாதாமாதம் வருவார். அதிகம் பேசாதவர். இவள் சொல்கிற அளவுகளில் தப்பு வராது என்பதை முதலில் கவனித்து, அப்புறம் இவளையே கவனித்தவர். கல்யாணத்துக்குக் கேட்டும் விட்டார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வர இருந்தது. இவர்கள் கடையும் அதே ஊரில் ஒரு கிளை திறக்கிற யோசனையில் இருந்தது; கிளையை இவள்தான் பார்த்துக்கொள்வாள் என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார். எல்லாம் பழம் நழுவிப் பாலில் விழுகிற மாதிரி கூடி வந்தது. அம்மா ஒருத்தியைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவை ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். முதுகெலும்பு படத்தில் பாம்பு போல் நெளிந்திருந்தது. பிறகு அம்மாவின் முதுகில் விரலை வைத்து, பிடரிக்குக் கீழே தொடங்கி வால் எலும்பு வரை ஒரு கோடு இழுத்தார்.

“இவ்வளவையும் திறக்கணும். ஒரு நாள் முழுக்க ஆகும். ரத்தம் நிறையப் போகும். எலும்பு வேற மெலிஞ்சிருக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவுல எத்தனை நாள்னு இப்பச் சொல்ல முடியாது.”

“உங்க அம்மாவா இருந்தா செய்வீங்களா டாக்டர்?” என்று மூத்தவள் கேட்டாள்.

அவர் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். “யோசிச்சு முடிவு பண்ணுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து, ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த ‘வேண்டாம்’ யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பதைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. பின்னால் அதுதான் பெரிய வழக்கானது.

லென்ஸ்காரரிடம் “ஒரு வருஷம் பொறுங்க” என்றாள். அவர் அதற்கு மேலும் பொறுத்தார். அப்புறம் அவருக்குப் பதிலாக வேறு ஒருவர் வர ஆரம்பித்தார். வாயாடி. ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, பழைய ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதையும் அதில் ஒரு கதையாகச் சொன்னார். மூத்தவள் அப்போது ஒரு ஃப்ரேமின் காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். வளைப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. மறுபடி சூடு காட்டி நேராக்கினாள். புதுக் கிளைக்கு அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் போனாள்.

இப்படியே வருஷங்கள் போயின.

வினை ஒரு வாடிக்கையாளர் உருவில் வந்தது. லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் அவர். அம்மாவைப் போலவே முதுகு வளைந்தவர். அவருக்குக் கண்ணாடி போடுவது பெரிய பாடு. குனிந்தே இருக்கிறவர்கள் எதிரில் பார்க்க வேண்டுமென்றால் புருவத்தைத் தூக்கி ஃப்ரேமுக்கு மேலாகத்தான் பார்ப்பார்கள்; கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்ந்த பைஃபோக்கலில் கோடு எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு மாளாது. அம்மாவுக்குப் பார்த்துப் பழகியதால் மூத்தவள்தான் அவருக்கும் பார்ப்பாள். ஒருநாள் அவர் கடைக்குள் நடந்து வந்தார். தலை நிமிர்ந்திருந்தது. அவளுக்கு ஆளையே தெரியவில்லை.

“என்னம்மா முழிக்கிற? நான்தான். பழைய கண்ணாடி உதவ மாட்டேங்குது, மாத்திக் குடு” என்றார். சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் ஒரு சின்னத் தழும்பைக் காட்டினார். “இவ்வளவுதான். முன்ன மாதிரி ஆட்டைக் கிழிக்கற மாதிரி எல்லாம் கிழிக்கறதில்லையாம். ஓட்டை போட்டு உள்ள போயிடறாங்க.”

மூத்தவள் அன்றைக்கு மதியம் போகும்போது ஓட்டமும் நடையுமாகப் போனாள். அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு அன்றைக்கு அவளுக்கு வரவே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள்தான் விசாரித்தாள், அவள்தான் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினாள், அவள்தான் தம்பியைக் கூப்பிட்டுச் சம்மதிக்க வைத்தாள்.

இந்த டாக்டர் பெண். மூத்தவளைவிட வயது குறைவாக இருக்கும். அம்மாவை நடக்கச் சொல்லி, நிற்கச் சொல்லி, படுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாற்காலியை அம்மாவுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அம்மாவின் கண்ணுக்கு எட்டுகிற மாதிரி தாழ்வாகக் குனிந்து உட்கார்ந்து பேசினார்.

“எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அது உங்களுக்கு ஒரு பக்கமாத் தேஞ்சு அமுங்கிப்போச்சு. கால் உடைஞ்ச மேஜை மாதிரி எல்லாம் சரிஞ்சிருக்கு. விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவுல, பக்கவாட்டுல, சின்னதா ஒரு கீறல் போட்டு உள்ள போவோம். அமுங்கின எடத்துல ஒரு கட்டையை வச்சுத் தூக்குவோம். அது முதல் தடவை. சில நாள் கழிச்சு முதுகுல அங்கங்க ஓட்டை போட்டு, எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே ஸ்க்ரூ இறக்கி, கம்பியைத் தோலுக்கு அடியிலயே தள்ளி மாட்டிடுவோம்.”

“குச்சி மாதிரி நேரா ஆயிடுவனா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆக மாட்டீங்க. அதுக்குப் பெரிய ஆபரேஷன்தான் வேணும். இந்த வயசுக்கு அவ்வளவு வேணாம். வலியில்லாம நடக்கணும், எதிர்ல வர்றவங்க முகத்தைப் பாக்கணும். அது வரைக்கும் நிமித்தினாப் போதும்.”

“போதும் போதும். கல்யாணப் பொண்ணா நான்?” என்றாள் அம்மா. டாக்டர் சிரித்தார். மூத்தவளும் சிரித்தாள்.

எலும்பு உறுதிப்படுவதற்காக முதலில் சில மாதம் தினமும் ஊசி போட வேண்டியிருந்தது. அம்மாவின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, மூத்தவளே போட்டுவிட்டாள். அப்புறம் ஆபரேஷன். முதல் தடவைக்கு மூத்தவள் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவைக்குத் தம்பி வந்தான். வந்தவன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வப்போது நிமிர்ந்து “எல்லாம் நல்லபடியா நடக்கும்க்கா” என்றான். நல்லபடியாகத்தான் நடந்தது. அம்மாவின் முதுகில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னச் சின்னப் பிளாஸ்திரிகள், சட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி. கீறின பக்கத்துத் தொடை மட்டும் மரத்துப்போய்க் கால் தூக்க வரவில்லை. “நரம்புக்குப் பக்கத்துல போய்ட்டு வந்திருக்கோம், கொஞ்ச வாரத்துல சரியாயிடும்” என்றார் டாக்டர். சரியாயிற்று.

பிசியோதெரபி பெண் அம்மாவை எழுப்பி நிறுத்திய அன்றைக்கு மூத்தவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுந்தாள், எழுந்தாள், எழுந்துகொண்டே இருந்தாள். அம்மா தன்னைவிட உயரம் என்பது மூத்தவளுக்கு மறந்தே போயிருந்தது. அம்மா சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மேலே சுற்றுகிற மின்விசிறியை வாயைப் பிளந்து பார்த்தாள். மூத்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அழுகையில் அப்போது கலப்படம் ஏதும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கலப்படம் ஆரம்பித்தது.

“ஃப்ரிட்ஜ் மேல என்னடி இவ்வளவு தூசி?” என்றாள் அம்மா, வாசல் கதவைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள்.

இத்தனை வருஷமும் அம்மாவுக்குத் தரைதான் தெரியும். தரையில் ஒரு தலைமுடி கிடந்தால் கூப்பிட்டுக் காட்டுவாள். அதனால் மூத்தவள் தரையைக் கண்ணாடியாக வைத்திருந்தாள். நெஞ்சு உயரத்துக்கு மேலே எதையும் துடைத்துப் பழக்கமில்லை. இப்போது அம்மா ஒவ்வொரு அறையாகப் போய் நின்று நின்று பார்த்தாள். “அலமாரி மேல பாரு, ஒட்டடை. அப்பா படத்துக்குக் கண்ணாடியே தெரியல. இப்படியா வீட்ட வச்சிருப்ப?” மூத்தவள் நாற்காலி போட்டு ஏறித் துடைத்தாள். அம்மா கீழே நின்று, அங்கே இங்கே என்று விரல் நீட்டினாள்.

அம்மாவுக்கும் பழைய கண்ணாடி உதவவில்லை. ஒருநாள் கடைக்கே கூட்டிப்போனாள். இரண்டு பேரும் முட்டிக்கு முட்டி உட்கார்ந்தார்கள். கருவிழிக்கும் கருவிழிக்கும் இடைவெளி அளக்க, சின்ன ஸ்கேலை அம்மாவின் மூக்குமேல் பிடித்தபடி, “என் கண்ணையே பாரும்மா, அசையாத” என்றாள். அம்மா பார்த்தாள். அந்த அளவுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?” என்றாள்.

லென்ஸ் தீட்டுகிறவர் மெஷினை நிறுத்தியிருந்தார். கடையில் எல்லோர் காதிலும் விழுந்தது. மூத்தவள் அளவை எழுதிக்கொண்டாள். தப்பாக எழுதி, மறுபடி ஒருமுறை அளக்க வேண்டியதாயிற்று.

குனியக் கூடாது, திரும்பக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் விதித்திருந்த மாதங்கள் முடிந்தன. அம்மா தானே குளித்தாள். தானே புடவை கட்டினாள். மூத்தவள் மதியம் அரக்கப் பரக்க வந்து சேர்ந்தால், அம்மா சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருப்பாள். சில நாள் வீடு பூட்டியிருக்கும். அம்மா தெருக்கோடிப் பூங்காவில் நடக்கப் போயிருப்பாள். “நீ ஏன் ஓடி ஓடி வர? மெதுவா வாயேன்” என்பாள். மூத்தவள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, சாவி பையில் இருந்தும் திறக்காமல், கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் முழித்த நாட்களும் உண்டு.

அப்படி ஒரு நாளில்தான் அந்தப் பேச்சு வந்தது. அம்மா நடந்துவிட்டு வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“இவ்வளவு சுளுவா முடியற விஷயத்த, அன்னிக்கே பண்ணியிருக்கலாம்.”

“என்னிக்கு?”

“அந்தப் பெரிய டாக்டர் சொன்னப்ப. நான் சரின்னுதான் இருந்தேன். நீதான் பயந்துபோய் வேணாம்னுட்ட.”

“நானா? நீதானம்மா வேணாம்ன? என்னைக் கூறு போடறதுக்கா உன்னைப் பெத்தேன்னு நீ அழுதது எனக்கு இன்னும் காதுல இருக்கு.”

“நான் எப்ப அழுதேன்? எனக்கு அழுகை வராதுன்னு உனக்குத் தெரியாதா?”

“அம்மா, மனசறிஞ்சு பேசு. உன்னாலதான நான்…”

“என்னால என்ன? உன்னை நான் புடிச்சு வச்சனா? போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கனா?”

அம்மா சொன்னதில்லைதான். அவ்வளவு வருஷத்தில் ஒருநாள்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நிலைமையை மூத்தவள் வைத்ததும் இல்லை. அவள் போய்த் தன் அறையில் உட்கார்ந்து, பழைய நாளைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் திறந்தது நினைவிருந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தது நினைவிருந்தது. அன்றைக்குத் தன் நெஞ்சில் என்ன ஓடியது என்பதும், எவ்வளவு தள்ளிவிட்டாலும், நினைவிருந்தது: ஆபரேஷனில் அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால், அம்மாவைக் கொன்றுவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள் என்று ஊர் பேசும். ஊரை விடு, தனக்கே அப்படித் தோன்றும். அந்தப் பயத்தில் வாயைத் திறந்தது யார்? அம்மா அழுதாள் என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தாள். அழுதது தானோ என்று இப்போது சந்தேகம் வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள மூன்றாவது ஆள் யாரும் அன்றைக்கு வீட்டில் இல்லை.

அதன் பிறகுதான் தம்பி வந்தான். முன்னறிவிப்பில்லாமல், காரில், பெண்டாட்டி பிள்ளைகளோடு. அம்மா நிற்பதையும் நடப்பதையும் பார்த்து அவன் கண் கலங்கினான். தம்பி மனைவி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “எவ்வளவு அழகா இருக்கீங்க அத்தை!” சின்னக் குழந்தை தத்தித் தத்தி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்தது. சாப்பிட்டு முடித்ததும் விஷயம் வந்தது. தம்பி மனைவி மறுபடி வேலைக்குப் போகப் போகிறாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் ஒருவரும் சரியில்லை.

“அம்மா அங்க வந்து இருக்கட்டுமே. வீட்டுப் பக்கத்துலயே பெரிய பூங்கா இருக்கு. அக்கா, நீயும் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுட்ட. கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்றான் தம்பி.

“குனிஞ்சிருந்தப்ப உன் வீட்டுல எடமில்ல. இப்ப பூங்கா வேற வந்துடுச்சா?” என்றாள் மூத்தவள்.

“ஏன்க்கா இப்படிப் பேசற? அப்ப மாடிப்படி ஏற முடியாதுன்னுதானே…”

“அம்மா குழந்தையத் தூக்கக் கூடாது. தெரியுமில்ல? முதுகுல கம்பி இருக்கு.”

“நான் எதுக்குத் தூக்கப்போறேன்?” என்று அம்மா குறுக்கே வந்தாள். குழந்தை அதற்குள் அவள் மடியில் இருந்தது. “பக்கத்துல உக்காந்து பாத்துக்கப்போறேன். அதுக்கென்ன இப்போ?”

அம்மாவின் முகத்தில் ஆசை பளிச்சென்று தெரிந்தது. அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தது தான்தான் என்பதை மூத்தவளால் விழுங்க முடியவில்லை.

“டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்” என்றாள். வேறு ஆயுதம் கையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் புதிய எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுப் பார்த்து, “ரொம்ப நல்லாயிருக்கே” என்றார். “வலி எப்படி இருக்கும்மா?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் மூத்தவள் முந்திக்கொண்டாள். “வலி இருக்கு டாக்டர். வெளிய சொல்ல மாட்டாங்க. தூக்கத்துல முனகறாங்க. கால் வேற சில நேரம் மடங்கிப்போகுது. இப்ப போய் அவ்வளவு தூரம் பயணம், மாடிப்படி…”

டாக்டரின் முகம் மாறியது. உடனே எழுந்து வந்து, அம்மாவை உட்கார வைத்து, காலைத் தூக்கச் சொன்னார், பாதத்தால் தன் கையை அழுத்தச் சொன்னார், சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

“யாரு முனகறது?” என்றாள் அம்மா.

அம்மா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. மகளின் சட்டையில் ஏதோ கறையைக் கண்டுவிட்டு, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிற தாயின் பார்வையாக அது இருந்தது. டாக்டரும் புரிந்துகொண்ட மாதிரிதான் பட்டது. அவர் மேஜைக்குத் திரும்பிப் போய், “பயணம் போகலாம். நடுவுல நிறுத்தி நிறுத்தி நடங்க. குழந்தைங்களத் தூக்க வேணாம்” என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். அறையை விட்டு வெளியே வரும்போது மூத்தவளிடம் தணிந்த குரலில், “நீங்களும் கொஞ்சம் உங்களைப் பாத்துக்கோங்க” என்றார். மூத்தவளுக்கு அதைவிட அவர் ஒரு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தம்பி வந்து கூட்டிப்போனான். அம்மா காருக்குள் ஏறுவதற்கு முன், “ஒழுங்காச் சாப்பிடு” என்றாள். மூத்தவள் தலையாட்டினாள். அடுத்த வீட்டம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கார் திரும்பியதும், “இனிமே உனக்கு ஜாலிதான்” என்றாள்.

மூத்தவள் முதலாளியிடம் போய், இனிமேல் முழு நாளும் வருகிறேன் என்று சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்:

“இத்தனை வருஷமா அரைநாள்லயே எல்லா வேலையையும் முடிச்சுட்டுப் போறீங்க. சாயங்காலத்துக்குப் புதுசா சேர்ந்த பொண்ணு இருக்கா. முழு நாள் வந்து என்னம்மா பண்ணுவீங்க? அம்மாகிட்டப் போய் இருந்துட்டு வாங்க, நாலு எடத்தச் சுத்திப் பாருங்க.”

அதனால் அவள் முன்போலவே மதியம் கிளம்பினாள். மதியம் கிளம்பி வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாததால், மெதுவாக நடந்தாள். ஒருத்திக்கு மட்டும் சமைக்க அளவு பிடிபடவில்லை, வீணாகிப்போனதைக் கொட்டினாள். கொஞ்ச நாளில் சமைப்பதையே குறைத்துக்கொண்டாள். அம்மா போனில் கூப்பிடுவாள். பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்கும். “இரு, இவன் எதையோ வாயில போட்டுட்டான்” என்று பாதியில் வைத்துவிடுவாள்.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறையில் மூத்தவள் தம்பி வீட்டுக்குப் போனாள். அம்மாவுக்குச் சதை பிடித்திருந்தது. முடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே அம்மாவுக்கு ஒரு பட்டாளமே இருந்தது, அவளை ஒத்த வயதுப் பெண்கள். அம்மா வேகமாக நடந்தாள். மூத்தவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருத்தி, “இவங்க யாரு?” என்று கேட்டாள்.

“என் மூத்த பொண்ணு. கண்ணாடிக் கடையில வேலை. தனியா இருக்கா.”

“கல்யாணம்?”

“வேணாம்னுட்டா. அவளுக்கு அதுல எல்லாம் இஷ்டமில்ல” என்றாள் அம்மா. ஒளிவு மறைவு இல்லாத குரல். அம்மா அதை மனசார நம்பித்தான் சொன்னாள் என்பது மூத்தவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தப் பெண்மணி மூத்தவளைப் பார்த்து, “நல்லவேளை, தப்பிச்சீங்க” என்று சிரித்தாள்.

எல்லோரும் அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அம்மாவும்தான்.

“ஆமா. எனக்கு அதுல இஷ்டமில்ல” என்றாள் மூத்தவள்.

இரண்டு நாள் தங்குவதாக வந்தவள், கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி மறுநாளே புறப்பட்டாள். குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த அம்மா, இடது கையை ஆட்டி விடைகொடுத்தாள். தம்பி பஸ் நிலையம் வரை காரில் கொண்டுவிட வந்தான். வழியெல்லாம் அம்மா எப்படி மாறிவிட்டாள், பிள்ளைகள் எப்படி ஒட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். சிக்னலில் நின்றபோது அவள் பக்கம் திரும்பி, மனம் இளகிய குரலில் சொன்னான்:

“எல்லாம் உன்னாலதான்க்கா. நீ மட்டும் அந்த டாக்டரைக் கண்டுபிடிக்கலைன்னா… சரி, இனிமேலாவது நீ உன் வாழ்க்கையப் பாரு.”

“எதை?” என்றாள் அவள்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல், அவன் சொன்னால் தெரிந்துகொள்ளலாம் என்பதுபோல் அவன் முகத்தையே பார்த்தாள். அதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் திரும்பிக் காரை நகர்த்தினான்.